உசிக்கோட கைய விடுங்க, காலப் பாருங்க

ஹெவிவெயிட் பொக்ஸிங் பத்தி நம்ம பக்கம் பேச்சு வந்தாலே மொத கேள்வி "ஆளு எவ்வளவு பெருசு"ங்கிறது தான். ஹட்டன் டவுன்ல சலூன்ல உக்காந்து பேசினாலும் சரி, ஞாயித்துக்கிழமை விடியக்காலம் லயத்துல ஒரே போன சுத்தி ஏழெட்டுப் பேரு போர்வைய போத்திக்கிட்டு ஃபைட் பாத்தாலும் சரி, ரெண்டு பேரும் ரிங்குக்குள்ள வந்து நின்ன உடனேயே உயரத்தையும் தோளையும் பாத்து முடிவு சொல்லிடுவாங்க. 2024 மே மாசம் ரியாத்ல டைசன் ஃபியூரியும் ஒலெக்சாண்டர் உசிக்கும் மோதினப்பவும் அப்பிடித்தான், ஃபியூரி 206 சென்டிமீட்டர், உசிக் 191, "அண்ணே இவன் அவனோட மூக்குக்குக் கூட வரமாட்டேங்கிறான், என்னா செய்யப் போறான்"னு தான் பேச்சு. அந்த ஃபைட்டையும் உசிக் ஜெயிச்சான், அதே வருஷம் டிசம்பர்ல நடந்த ரெண்டாவது ஃபைட்டையும் ஜெயிச்சான். 2025 ஜூலை வரைக்கும் 24 ஃபைட், 24 வெற்றி, அதுல 15 நொக்அவுட். ஆனாலும் அவன் எப்பிடி ஜெயிக்கிறான்னு நெறையப் பேருக்கு இன்னும் வெளங்கல, "ஓடி ஓடி பொயின்ட் எடுக்கிறான்"ன்னு சுலபமா சொல்லிட்டு போயிடுறாங்க. அது அவனுக்கும் நியாயம் இல்ல, பொக்ஸிங்குக்கும் நியாயம் இல்ல. அவனோட பலம் எங்க இருக்கு, உண்மையிலயே எங்க அவன அடிக்க முடியும், ரெண்டையும் கொஞ்சம் விரிவா பேசுவோம்.

உசிக் உக்ரேன்காரன், 1987 ஜனவரியில கிரிமியாவுல சிம்ஃபெரொபொல்ல பொறந்தவன். சின்ன வயசுல ஃபுட்போல் தான் ஆடினான், பொக்ஸிங்குக்கு வந்ததே பதினஞ்சு வயசுல தான். 2011ல பாகூல அமெச்சூர் உலக சம்பியன், 2012 லண்டன் ஒலிம்பிக்ல 91 கிலோ பிரிவுல தங்கம், ஜெயிச்ச கையோட ரிங்குக்குள்ளயே ஹொபாக்னு அவங்க நாட்டு ஆட்டம் ஒண்ணு ஆடினான், குந்துன மாதிரியே கால மாத்தி மாத்தி வீசி ஆடுற ஆட்டம் அது, தொடையிலயும் கணுக்கால்லயும் பலம் இல்லாதவன் அத நாலு தடவை கூட செய்ய முடியாது. 2013 கடைசியில ப்ரொஃபெஷனலுக்கு வந்து குரூஸர்வெயிட்ல, அதாவது 200 ராத்தல், நம்ம கணக்குக்கு 90.7 கிலோவுக்கு உள்ள, ஆடினான். அந்த பிரிவுல நாலு பெரிய பொக்ஸிங் அமைப்புகளோட உலக சம்பியன் பெல்ட் நாலையும் 2018ல ஒண்ணா சேத்தான், அந்தப் பிரிவுல அப்பிடி சேத்த மொத ஆளும் அவன் தான். இதுல நான் ரொம்ப மதிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு, அந்தப் பெரிய ஃபைட் எல்லாத்தையும் எதிராளியோட ஊருக்கே போய் ஆடினான். போலந்துல போய் போலந்துக்காரன் க்ளோவாட்ஸ்கிய, ஜெர்மனியில போய் மார்க்கோ ஹுக்க, லட்வியாவுல போய் மைரிஸ் பிரீடிஸ, மொஸ்கோவுல போய் முராத் காசியேவ. சனம் முழுக்க மத்தவனுக்கு கத்துற எடத்துல பன்னிரண்டு ரவுண்ட் தலை சூடாகாம ஆடுறதும் ஒரு திறமை தான், அத எந்தப் புள்ளிவிவரத்துலயும் போட மாட்டாங்க.

இப்ப காலுக்கு வருவோம்.

வலதுகைக்கார பொக்ஸர் இடது காலையும் இடது கையையும் முன்னுக்கு வச்சி நிப்பான். உசிக் இடதுகைக்காரன், சவுத்போன்னு சொல்லுவாங்க, அவனுக்கு வலது கால் முன்னுக்கு. அப்ப ரெண்டு பேரும் எதிர் எதிரா நிக்கும்போது ரெண்டு பேரோட முன்னங்காலும் ஒண்ணுக்கு ஒண்ணு நேரா வந்து ஒரே எடத்துக்கு போட்டி போடும். இதுல யாரோட முன்னங்கால் மத்தவனோட காலுக்கு வெளிப்பக்கமா விழுதோ, அவனோட பின்கை, அதாவது பலமான கை, நடுவால நேரா மூஞ்சிக்குப் போகும். உள்பக்கம் மாட்டினவன் தன்னோட பலமான கையால அடிக்கணும்னா மொதல்ல ஒடம்ப திருப்பி காலயும் திருப்பி வைக்கணும், அதுக்குள்ள அடி விழுந்துரும். அரை அடி தூரம் தான் வித்தியாசம், ஆனா அந்த அரை அடிக்குத்தான் முழு ஃபைட்டும் நடக்குது. டிவில கேமரா இடுப்புக்கு மேல காட்டினா இது ஒண்ணும் தெரியாது, ஏதோ உசிக்குக்கு மட்டும் கை லேசா போய் படுதுன்னு தான் தோணும்.

இந்த வெளிக்கால் விஷயம் உசிக் கண்டுபிடிச்சது இல்ல, எந்த ஜிம்லயும் சவுத்போவ எதிர்த்து ஆடுற பையனுக்கு மொதல்லயே சொல்லிக் குடுக்கிறது தான். மத்த சவுத்போ எல்லாம் அந்த எடத்த புடிச்சிட்டு நின்னு இடதுகையால ஒரு பெரிய ஷொட் அடிக்கப் பாப்பாங்க, எதிராளியும் அதுக்குள்ள காலத் திருப்பி பழையபடி நேரா நின்னுருவான். உசிக் நிக்கிறதே இல்ல. அரை அடி முன்னுக்கு, கால் அடி பின்னுக்கு, பக்கவாட்டுல ஒரு சின்ன அடி, திரும்ப முன்னுக்கு, இப்பிடியே மூணு நிமிஷமும் அசைஞ்சிக்கிட்டே இருப்பான், ஒவ்வொரு தடவை அவன் அசையும்போதும் எதிராளியும் தன்னோட கால சரி பண்ணியே ஆகணும், பண்ணாட்டி அடி வாங்கணும், பண்ணினா அந்த நேரத்துல அவனால அடிக்க முடியாது, ஏன்னா கால் தரையில ஊணாம எவனாலயும் பலமா அடிக்க முடியாது. 240 ராத்தல் ஆளு ஒருத்தன் நிமிஷத்துக்கு இருவது முப்பது தடவை இப்பிடி தன்னோட ஒடம்ப தூக்கி தூக்கி வச்சிக்கிட்டே இருந்தா ஏழாவது எட்டாவது ரவுண்ட்ல என்னா ஆகும்? உசிக் அடிச்ச அடியால வர்ற களைப்ப விட அவன் நடக்க வச்சதால வர்ற களைப்பு பெருசு. "ஓடுறான்"னு சொல்றவங்க இதத்தான் பாக்கத் தவறுறாங்க, ஓடுறவன் எதிராளிக்கு ஓய்வு குடுக்கிறான், உசிக் எதிராளிக்கு ஒரு செக்கன் கூட ஓய்வு குடுக்கிறது இல்ல, அவன் பெரும்பாலும் அடிக்கிற தூரத்துக்கு விளிம்புலயே தான் நிப்பான்.

செங்குத்தான மலையில கொழுந்து எடுக்கிற நம்ம அம்மாமாரப் பாத்தவங்களுக்கு இது சீக்கிரம் புடிபடும். பாக்கிறவன் கண்ணுக்கு கை வேகம் தான் தெரியும், ஆனா அந்தக் கைய ரெண்டு பக்கமும் வேலை செய்ய விடுறது வழுக்குற மண்ணுல கால் எங்க ஊணியிருக்குங்கிறது தான்.

காலுக்கு அடுத்தது அவனோட முன்கை. வலது கைய அடிக்கிறதுக்கு மட்டும் வச்சிக்கிறது இல்ல, எதிராளியோட இடதுகைய தொட்டுக்கிட்டே இருப்பான், தட்டுவான், அமுக்குவான், மேல தூக்குவான், ஜெப், அதாவது முன்கையால நேரா விடுற குத்து, அடிக்கிற மாதிரி காட்டுவான், காட்டிட்டு அடிக்கமாட்டான், அடுத்த தடவை காட்டாமலே அடிப்பான். எதிராளிக்கு ஜெப் தான் பாதை தொறக்கிற சாவி, உயரமானவனுக்கு அது இன்னும் முக்கியம், அந்தக் கைய இப்பிடி வேலை குடுத்தே கட்டிப் போட்டுட்டா உயரம் இருந்தும் பிரயோசனம் இல்ல. 2021 செப்டெம்பர்ல லண்டன் டொட்டன்ஹாம் மைதானத்துல அந்தோனி ஜொஷுவாவுக்கு நடந்தது இது தான். ஜொஷுவா 198 சென்டிமீட்டர், அன்னைக்கு 240 ராத்தல், உசிக் 221. அவ்வளவு பெரிய ஆளு தூரத்துல நின்னு உசிக்கோட நுட்பமா விளையாடப் போனான், அது அவனோட கோர்னர், அதாவது ரிங் மூலையில நிக்கிற கோச்மாரு, எடுத்த தப்பான முடிவுன்னு நான் இன்னைக்கும் நெனைக்கிறேன், ஏன்னா நுட்பத்துல உசிக்க மிஞ்ச இந்த எடைப் பிரிவுல ஆளே இல்ல. கடைசி ரவுண்ட் மணி அடிக்கும்போது ஜொஷுவா கயித்துல சாஞ்சிக்கிட்டு இருந்தான். 117-112, 116-112, 115-113, மூணு ஜட்ஜும் உசிக்குக்கே குடுத்தாங்க.

ஃபெயின்ட்னு சொல்ற அந்த ஏமாத்து அசைவுகள பத்தி தனியா ஒரு வார்த்தை. தோளக் கொஞ்சம் அசைப்பான், முட்டிய மடக்குவான், தலைய ஒரு பக்கம் சாய்ப்பான், இதுல பத்துல ரெண்டு தான் நெசமான அடியா வரும். மொத மூணு ரவுண்ட்ல எதிராளி எல்லாத்துக்கும் மிரளுவான், கை தூக்குவான், பின்னுக்குப் போவான், உசிக் அதெல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பான், இவன் எதுக்கு எப்பிடி பயப்படுறான்னு. நாலாவதுக்கு மேல அந்தக் கணக்க வச்சித்தான் அடிப்பான். அதனால தான் மொத ரெண்டு ரவுண்ட்ட மட்டும் பாத்துட்டு படுக்கப் போறவங்களுக்கு அவன் ஒண்ணும் செய்யாத மாதிரி தெரியும்.

பலம் இல்லாதவன்னு சொல்றதும் சரி இல்ல. ஒரே அடியில ஆள சாய்க்கிற டியோன்டே வைல்டர் மாதிரி கை அவனுக்கு இல்ல, அது உண்மை. ஆனா களைச்சிப்போன, காலு சிக்கின, அடுத்த அடி எங்க வருதுன்னு தெரியாத ஒருத்தனுக்கு நடுத்தர பலத்துல ஒரு அடி சரியான எடத்துல விழுந்தாலே போதும். 2018 நவம்பர்ல மான்செஸ்டர்ல டொனி பெல்லூவ எட்டாவது ரவுண்ட்ல இடதுகையால சாய்ச்சான், அதுக்கு முந்தின ரவுண்ட் வரைக்கும் ஸ்கோர்ல பெல்லூ பின்னால இருக்கல. 2025 ஜூலையில வெம்ப்ளியில டேனியல் டுபுவாவ அஞ்சாவது ரவுண்ட்ல ரெண்டு தடவை விழ வச்சி முடிச்சான், ரெண்டாவது தடவை விழ வச்ச அந்த இடது ஹுக்க, பக்கவாட்டுல வளைச்சி அடிக்கிற அடிய, திரும்பத் திரும்ப போட்டுப் பாருங்க, டுபுவா வலதுகைய வீசிட்டு அது காலியாப் போய் ஒடம்பு முன்னுக்கு சாஞ்ச அந்த நேரத்துல விழுந்த அடி. அப்ப உசிக்குக்கு 38 வயசு, டுபுவாவுக்கு 27. எதிராளியோட எடையையே அவனுக்கு எதிரா திருப்பினா நொக்அவுட் பலம் எங்க இருந்து வருதுன்னு கேக்கத் தேவையில்ல.

மொத ஃபியூரி ஃபைட்ட கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாக்கணும், ஏன்னா அவனோட பலம் பலவீனம் ரெண்டும் ஒரே ராத்திரியில அவ்வளவு தெளிவா வேற எங்கயும் தெரியல. மொத மூணு ரவுண்ட் உசிக் நல்லா ஆரம்பிச்சான். நாலுல இருந்து ஏழு வரைக்கும் ஃபியூரியோட ஆட்டம், வயித்துக்கு கீழ இருந்து மேல வர்ற அப்பர்கட், விலாவுக்கு அடி, ஆறாவதுல தாடைக்கு ஒரு அப்பர்கட் விழுந்து உசிக் ஆடிப்போயிட்டான். பாத்துக்கிட்டு இருந்த நெறையப் பேரு இத்தோட முடிஞ்சிச்சின்னு நெனச்சிருப்பாங்க. எட்டாவதுல மாறத் தொடங்கிச்சி, உசிக்கோட இடதுகை ஃபியூரியோட மூஞ்சிய தேடிப் போக ஆரம்பிச்சிச்சி. ஒம்பதாவதுல ஒரு இடதுகை அடிக்குப் பொறகு ஃபியூரி கயித்துக்கு கயிறு மாறி மாறித் தள்ளாடினான், உசிக் விடாம பொழிஞ்சான், கயிறு மட்டும் இல்லாட்டி கீழ விழுந்திருப்பான்னு ரெஃப்ரி எண்ண ஆரம்பிச்சாரு, அதையும் நொக்டவுன் கணக்குல தான் சேப்பாங்க.

அந்த எண்ணிக்கையோட பெறுமதி எவ்வளவுன்னு ஸ்கோர்கார்ட்ல இருக்கு. சாதாரணமா ரவுண்ட் ஜெயிச்சவனுக்கு 10, தோத்தவனுக்கு 9. விழுந்தவனுக்கு இன்னொன்னு கழிச்சி 8. முடிவு 115-112 உசிக்குக்கு, 114-113 உசிக்குக்கு, 114-113 ஃபியூரிக்கு. இப்ப அந்த ஒம்பதாவது ரவுண்ட்ட உசிக் ஜெயிச்சான், ஆனா எண்ணிக்கை இல்லன்னு வச்சி கணக்குப் போடுங்க, ஃபியூரிக்கு மூணு கார்ட்லயும் ஒவ்வொரு புள்ளி கூடும். 115-113 உசிக், 114-114 சமன், 115-113 ஃபியூரி. அதாவது டிரோ. 1999ல லெனொக்ஸ் லூயிஸுக்குப் பொறகு யாருமே இல்லாம இருந்த முழு ஹெவிவெயிட் சம்பியன் பட்டம், அதாவது பெரிய பெல்ட் எல்லாம் ஒருத்தன் கையில இருக்கிறது, அந்த ஒத்தப் புள்ளியில தான் தொங்கிக்கிட்டு இருந்திச்சி. அதனால "ஃபியூரி தான் ஜெயிச்சான்"னு வாதாடுற தம்பிமாரோட நான் சண்டைக்குப் போக மாட்டேன், நெருக்கமான ஃபைட் தான் அது. டிசம்பர்ல நடந்த ரெண்டாவதுல மட்டும் அந்தப் பேச்சுக்கு எடம் இல்ல, மூணு ஜட்ஜும் 116-112 உசிக்குக்கு. அன்னைக்கு ஃபியூரி தராசுல 281 ராத்தல், உசிக் 226, வித்தியாசம் கிட்டத்தட்ட 25 கிலோ, அரை மூட்டை அரிசிய எதிராளி மேலதிகமா சுமந்துக்கிட்டு வந்தான்.

இனி பலவீனம். இத எழுதுறது தான் எனக்கு முக்கியம், ஏன்னா உசிக்க புடிச்சவங்க இதப் பேசுறதே இல்ல, புடிக்காதவங்க தப்பான எடத்தக் காட்டுறாங்க.

மொதலாவது வயிறு. சவுத்போவும் வலதுகைக்காரனும் நிக்கிற விதத்துல சவுத்போவோட நெஞ்சும் வயிறும் எதிராளியோட வலதுகைக்கு நேரா தொறந்து கெடக்கும், வலதுகைய நேரா வயித்துக்கு விட்டா தடுக்க முன்கை முழங்கை அங்க இல்ல. உசிக் தலையக் காப்பாத்த காலயும் இடுப்பையும் நம்புறவன், தலைய நகத்திடலாம், வயித்த நகத்த முடியாது. ஜித்தாவுல 2022 ஓகஸ்ட்ல ஜொஷுவா ரெண்டாவது தடவை வந்தப்ப புது கோர்னர் இத சரியா புடிச்சிட்டாங்க, ஜொஷுவா வயித்துக்கு அடிச்சான், ஒம்பதாவது ரவுண்ட் அவன் வாழ்க்கையிலயே ஆடின நல்ல ரவுண்ட்ல ஒண்ணு, உசிக் உண்மையிலயே கஷ்டப்பட்டான். ஆனா பத்தாவதுல உசிக் திரும்பி வந்து ஆடின ஆட்டத்தப் பாத்தா யாருக்கும் மலைப்பா இருக்கும், ஒரு நிமிஷ ஓய்வுல ஒருத்தன் எப்பிடி இவ்வளவு மாறினான்னு. முடிவு ரெண்டு ஜட்ஜ் உசிக்குக்கு, ஒருத்தர் ஜொஷுவாவுக்கு. மொத ஃபைட்ட விட நெருக்கம், காரணம் வயித்துக்கு விழுந்த அடி தான்.

2023 ஓகஸ்ட்ல போலந்துல வ்ரொட்ஸ்லாவ்ல டுபுவாவோட மொத ஃபைட்ல நடந்த சர்ச்சையையும் இங்க தான் வைக்கணும். அஞ்சாவது ரவுண்ட்ல டுபுவாவோட வலதுகை உசிக்கோட பெல்ட் பகுதியில விழுந்து உசிக் கீழ படுத்துட்டான், ரெஃப்ரி இடுப்புக்கு கீழ விழுந்த அடின்னு முடிவு சொல்லி கிட்டத்தட்ட நாலு நிமிஷம் ஓய்வு குடுத்தாரு. அது சரியான அடி தான்னு டுபுவா பக்கம் கத்தினாங்க, கீழ தான்னு உசிக் பக்கம். எனக்கு அது பெல்ட் கோட்டு மேலயே விழுந்த அடியாத்தான் தெரியுது, ரெஃப்ரி நின்ன கோணத்துல எடுத்த முடிவ மோசம்னு சொல்ல முடியாது. அந்த அடி சரியா தப்பாங்கிற சண்டையில விட்டுப்போன விஷயம் என்னன்னா, அந்த வலதுகை வயித்துப் பக்கம் அவ்வளவு லேசா எப்பிடிப் போச்சிங்கிறது தான். ஒம்பதாவதுல உசிக் அவன முடிச்சிட்டதால அந்தக் கேள்விய யாரும் கேக்கல.

ரெண்டாவது, நேரா பின்னுக்குப் போற பழக்கம். நெருக்கிப் புடிச்சி தள்ளிக்கிட்டே வர்றவன் முன்னுக்கு வந்தா உசிக் சில நேரம் பக்கத்துக்கு திரும்பாம நேரா பின்னுக்குப் போயிடுவான், பின்னுக்கு கயிறு வந்துரும், கயித்துல முதுகு பட்ட உசிக் பாதி உசிக் தான். 2020 ஒக்டோபர்ல டெரெக் சிசோரா இதத்தான் செஞ்சான். சிசோரா பெரிய நுட்பக்காரன் இல்ல, அன்னைக்கு 255 ராத்தலுக்கு மேல இருந்தான், உசிக் 217, மொத சில ரவுண்ட் தலைய குனிஞ்சிக்கிட்டு நெஞ்சால தள்ளி, கைக்கு மேல கை போட்டு, வயித்துக்கும் தோளுக்கும் அடிச்சி உசிக்க ரொம்ப சிரமப்படுத்தினான். ரெண்டு ஜட்ஜ் உசிக்குக்கு 115-113 தான் குடுத்தாங்க. அதுக்கும் முன்னாடி 2018 ஜனவரியில ரீகாவுல பிரீடிஸோட ஆடினதும் அப்பிடித்தான், ஒரு ஜட்ஜ் 114-114 சமன்னே போட்டாரு. பிரீடிஸும் தூரத்துல நின்னு பூச்சாண்டி காட்டாம உள்ளுக்கு வந்தவன்.

மூணாவது, நடு ரவுண்ட்ல ஒரு தொய்வு. நாலு அஞ்சு ஆறு ஏழு, இந்த எடத்துல அவனோட கால் கொஞ்சம் மெதுவாகும், அடிக்கிற எண்ணிக்கை கொறையும். சிலர் அத வேணும்னே மூச்சு சேத்து வைக்கிறான்னு சொல்றாங்க, இருக்கலாம், ஆனா வேணும்னே செய்ற ஆளு ஆறாவது ரவுண்ட்ல ஃபியூரிகிட்ட அப்பிடி ஒரு அப்பர்கட் வாங்க மாட்டான். அந்த நேரத்துல முன்கை இடுப்பு வரைக்கும் எறங்கியிருக்கும், பின்னுக்கு சாஞ்சி தப்பிப்பான், உயரமானவனோட அப்பர்கட்டுக்கு அது தோதான நிலை.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் யாரும் அவன ஜெயிக்கல? இங்க தான் எடை பத்தின நம்ம பேச்சு தலைகீழாப் போகுது. வயித்துக்கு அடிக்கணும்னா கிட்ட போகணும், கிட்ட போகணும்னா அந்தக் கால் சண்டையில ஜெயிக்கணும், ஜெயிச்சாலும் பன்னிரண்டு ரவுண்ட்டும் அதையே செய்யணும். 250 ராத்தல் தசைக்கு ஒட்சிசன் குடுக்க இதயம் எவ்வளவு வேலை செய்யணும்னு யோசிங்க. கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர் உயரத்துல நுவரெலியா ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓடிப் பாத்தவங்களுக்கு இது தெரியும், ஒல்லியான பையன் பேசிக்கிட்டே ஓடுவான், ஜிம்முல நெஞ்ச பெருசாக்கின அண்ணன் ரெண்டாவது சுத்துல இடுப்புல கை வச்சி நின்னுருவாரு. சிசோராவுக்கு நாலு ரவுண்ட் முடிஞ்சிச்சி, ஜொஷுவாவுக்கு ஒம்பதாவதோட முடிஞ்சிச்சி, ஃபியூரிக்கு ஏழோட. பலவீனத்த கண்டுபிடிச்சவங்க எல்லாரும் அத வச்சி வேலை செய்ய மூச்சு இல்லாம நின்னாங்க. உசிக் நீச்சலும் மூச்சடக்குற பயிற்சியும் செய்றான்னு வீடியோல பாத்து சிரிக்கிறவங்க இருக்காங்க, அவனோட எல்லா வெற்றிக்கும் அடிக்கல் அது தான். அவனுக்கு கெட்ட ரவுண்ட் வரும், ஆனா கெட்ட ரவுண்ட்டுக்கு அடுத்த ரவுண்ட் நல்ல ரவுண்ட்டா இருக்கும், இந்த எடையில வேற யாருக்கும் அப்பிடி வர்றதில்ல.

பொக்ஸிங் பழகுற நம்ம பையங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கண்டிப் பக்கம் ஸ்கூல் பொக்ஸிங் ஆடுறவங்க, ஸ்டப்ஸ் ஷீல்ட் அது இதுன்னு போறவங்க, தோட்டத்துல இருந்து போய் ஹொஸ்டல்ல தங்கி பழகுறவங்களும் இருக்காங்க, அவங்க போன்ல பாக்கிறது முழுக்க நொக்அவுட் துண்டு வீடியோ தான். இந்த நாட்டுல பொக்ஸிங் புதுசு இல்ல, 1938லயே சிட்னியில எம்பயர் கேம்ஸ்ல, இப்ப கொமன்வெல்த் கேம்ஸ்னு சொல்றதுல, பார்னி ஹென்ரிகஸ் இலங்கைக்கு தங்கம் எடுத்துக் குடுத்த விளையாட்டு இது. உசிக்கோட ஒரு முழு ஃபைட்ட எடுங்க, சத்தத்த கொறைங்க, மொத ரவுண்ட் முழுக்க இடுப்புக்கு கீழ மட்டும் பாருங்க, யாரோட முன்னங்கால் வெளிய இருக்குன்னு மட்டும் கவனிங்க. ரெண்டாவது தடவை அதே ரவுண்ட்ட கைய மட்டும் பாருங்க. காசியேவ் ஃபைட் இதுக்கு ரொம்ப நல்லது, அன்னைக்கு அவன் கிட்டத்தட்ட ஒரு தப்பும் செய்யல, ஒரு ஜட்ஜ் 120-108ன்னு பன்னிரண்டு ரவுண்ட்டையும் அவனுக்கே குடுத்தாரு. பணம் போட்டு ஜிம் போக வசதி இல்லாதவனுக்குக் கூட இந்தக் கால் வேலைய லயத்து முத்தத்துல பழகலாம், கையுறையும் வேணாம், பையும் வேணாம்.

அப்ப அவன அடிக்கக்கூடிய ஆளு யாரு? உயரமான, பெரிய கை இருக்கிற ஆளுன்னு நான் நெனைக்கல, அந்த மாதிரி ஆளுங்கள அவன் வரிசையா பாத்துட்டான். ஜெர்மனிக்காரன் அகித் கபயேல கவனிங்க. உசிக்-ஃபியூரி மொத ஃபைட் நடந்த அதே ராத்திரி, அதே ரிங்ல, ஃபிராங்க் சாஞ்செஸ ஏழாவது ரவுண்ட்ல வயித்துக்கு அடிச்சி முடிச்சான், 2025 பெப்ரவரியில சீனாக்காரன் ஸாங் ஸிலெயையும் ஆறாவதுல வயித்துக்கு அடிச்சே உக்கார வச்சான், ஸாங் சவுத்போ. அளவான உயரம், கொறையாத மூச்சு, ஒரே சீரா முன்னுக்கு வர்ற கால், அடிக்கிற அடி பாதிக்கு மேல விலாவுக்கு. உசிக்கோட மூணு பலவீனத்தையும் தொடுற ஆளு இவன் தான், ஆனா கபயேலும் அடி வாங்கித்தான் உள்ளுக்குப் போறவன், ஸாங் அவன ஒரு தடவை விழ வச்சான், உசிக் மாதிரி துல்லியமா அடிக்கிறவனுக்கு எதிரா அந்த விலை எவ்வளவுங்கிறது தான் கணக்கு.

இன்னொரு ஆளு மோசஸ் இட்டவுமா, 2004 கடைசியில பொறந்த பையன், 2025 ஓகஸ்ட்ல டிலியன் வைட்ட மொத ரவுண்ட்லயே முடிச்சவன். கை வேகம் இருக்கு, பன்னிரண்டு ரவுண்ட் மூச்சு இருக்கான்னு யாரும் இன்னும் சோதிக்கல. ஆனா அவன் இடதுகைக்காரன். ரெண்டு சவுத்போ மோதினா ரெண்டு பேருக்கும் வலது கால் தான் முன்னுக்கு, முன்னங்கால் ரெண்டும் நேருக்கு நேர் வராது, வெளிக்கால் சண்டையே இல்லாமப் போகும், உசிக்கோட இடதுகைக்கு வழக்கமா தொறக்குற அந்த நடுப் பாதை எதிராளியோட முன்தோளால மூடிரும். ஹெவிவெயிட்ல உசிக் சந்திச்ச பெரிய ஆளுங்க எல்லாருமே வலதுகைக்காரங்க, ஃபியூரி நடுவுல மாறி மாறி நின்னத தவிர. சவுத்போவோட முழுசா ஆடி அவன் ஜெயிச்ச பெரிய ஃபைட் 2016ல போலந்துல க்ளோவாட்ஸ்கியோட ஆடினது, அப்ப அவனுக்கு வயசு 29, கால் இப்ப இருக்கிறத விட வேகம். நாப்பது வயச நெருங்குற உசிக்க நல்ல கால் வேகம் இருக்கிற ஒரு இளம் சவுத்போவோட பாத்தா, மொத மூணு ரவுண்ட் அவன் எந்தப் பக்கம் நகருறான்னு பாருங்க, வலது பக்கம் போக முடியாம இடது பக்கமே சுத்த ஆரம்பிச்சான்னா அன்னைக்கு அவனுக்கு உண்மையான வேலை இருக்கு.